பிளாஷுக்குச் சந்தனம்

இயற்பியலில் பட்டம் வாங்கியவனிடம் எந்தப் பொருளையும் இரவல் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். நாங்கள் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். அதற்குள் அது வேலை செய்வதை நிறுத்தியிருக்கும். பிறத்தியாரைக் குறை சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். விளாங்குடியில் அறை எடுத்துத் தங்கி, ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நாலு. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிய வயது. அப்போதுதான் பேரையூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா, மகளுக்குக் காதுகுத்து வைத்தாள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பெரிய அண்ணனுக்கும் அத்தானுக்கும் (அக்கா வீட்டுக்காரர்) ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணனின் பம்புசெட் மோட்டாரை அத்தான் இரவல் வாங்கி ஓட்டியதில் காயில் கம்பி கருகிவிட்டது. கருகியதைக்கூட அண்ணன் பொறுத்துக்கொண்டிருப்பார். அத்தான் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டிக்காரனிடம் மோட்டாரைக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் மூத்த தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. பெரிய மனுஷர்கள் நாலு பேர் போய்ப் பேசி அண்ணனை இறங்கிவர வைத்தார்கள்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "தம்பி, அண்ணே மடில பாப்பா உக்காந்துருக்க படம் ஒண்ணு மட்டும் எனக்கு வேணும். மத்ததெல்லாம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நாளைக்கு ஒருத்தரும் மூத்த தாய்மாமன் இல்லாமக் குத்துனாகன்னு சொல்லிறக் கூடாது."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். (அதற்கு முன் நான் கேமராவைத் தொட்டதுகூட இல்லை.)

பரவையில் ஸ்டுடியோ வைத்திருந்த என் நண்பன் செல்வம் கேமராவும் பிளாஷும் கொடுத்தான். கூடவே தொழில் ரகசியம் ஒன்றையும் சொன்னான்.

"மாப்ள, ரோலு முப்பத்தாறுதான். விசேச வீட்டுல ஊரே வந்து நிக்கும். எல்லாத்தையும் எடுத்தா காதுகுத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. பிளாஷுக்குப் பின்னால ஒரு பட்டன் இருக்கு பாரு, அத அமுக்கு. வெளிச்சம் அடிக்கும், பிலிம் ஓடாது. சந்தோசமாப் போயிருவாக."

"வெறும் பிளாஷா?"

"வெறும் பிளாஷ்தான். ஆனா ஒண்ணு, அஞ்சாறு அடிச்சா கொஞ்ச நேரம் ஆறவிட்டு..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்தப் பட்டனை நாலு முறை அமுக்கிப் பார்த்துவிட்டேன். மிச்சத்தைக் கேட்கவில்லை.

காதுகுத்து அன்று குலசாமி கோயில் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். வெயில் ஒரு துளி உள்ளே இறங்காத அளவுக்கு நெருக்கமாக வேய்ந்திருந்தார்கள். கொட்டு மேளத்தோடு அண்ணன் சீர் கொண்டுவந்தார். எத்தனை தாம்பாளமோ அத்தனை பெண்கள். ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து நின்று தட்டைச் சற்று உயர்த்திப் பிடித்தார்கள். நான் பட்டனை அமுக்கினேன். முகமெல்லாம் பூரிப்போடு நகர்ந்தார்கள். ஒரு பெரியவர், "கண்ண மூடிட்டேன் தம்பி, இன்னொண்ணு எடு" என்றார். எடுத்தேன். மறுபடியும் மூடினார். கிடாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். கிடாய்க்கும் ஒன்று அடித்தேன்.

பரந்த மனசுதான். ஆனால் என் கவனமெல்லாம் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் பிளாஷ் கீ என்று மெல்லக் கூவி, பின்பக்கம் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அடுத்தது தயார். முதலில் எட்டு எண்ணுவதற்குள் எரிந்தது. பிறகு பன்னிரண்டு. பிறகு இருபது. ஏன் இப்படிக் கூடிக்கொண்டே போகிறது? பேட்டரிக் கட்டை தளர்வதாலா, சூட்டாலா? சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தேன். கணக்கு அழகாக வரவேண்டும் என்பதற்காகவே, யாரும் கேட்காமல் இன்னும் பத்துப் பேரைக் கூப்பிட்டு நிறுத்தி அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதைத் தாண்டியபோது பிளாஷ் டீ கிளாஸ் மாதிரி சுட்டது. எழுபதில் கையில் பிடிக்க முடியவில்லை. பிளாஸ்டிக் தீயும் வாடை லேசாக வந்தது. கேமராவில் முப்பத்து மூன்று படங்கள் பத்திரமாக மிச்சம் இருந்தன.

அந்த நேரம் பார்த்து, மொட்டையடித்த பாப்பாவின் தலையில் யாரோ சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறி தட்டியது. மொட்டைக்குச் சந்தனம் எதற்கு? சூடு தணியத்தான். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். கிண்ணத்திலிருந்து ஒரு கை சந்தனத்தை அள்ளி, பிளாஷின் முதுகிலும் விலாவிலும் அப்பினேன்.

என் இயற்பியல் பொய்க்கவில்லை. சந்தனம் காய்ந்தது, சூடு குறைந்தது, பந்தல் முழுக்க வாசம் பரவியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பெண்கள் சாமியைப் பார்த்துக் குலவை போட்டார்கள். பூசாரிகூட ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது பூச்சு பூசினேன். கட்டை போடும் மூடியின் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கியது. டப் என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது. அப்புறம் அது எரியவே இல்லை.

அண்ணன் அதற்குள் மனையில் உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்து, மீசையைத் தடவிச் சரிசெய்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆசாரி தங்கக் கம்பியோடு காத்திருந்தார்.

"எடுடா" என்றார் அண்ணன்.

"பிளாஷ் போயிருச்சுண்ணே."

அக்காவின் முகம் வெளுத்தது. "நல்ல நேரம் இன்னும் பத்து நிமிசந்தேன் இருக்கு" என்றார் பூசாரி. மனையை வெயிலுக்கு நகர்த்தலாமா என்று கேட்டேன். போட்ட மனையைக் கலைக்கக் கூடாது என்றார். அண்ணன் எழுந்துவிடுவார் போலிருந்தது. எழுந்தால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு நான்தான் காரணம்.

"வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கெடச்சா போதும்" என்று முனகினேன்.

அதுவரை அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓரமாக நின்ற அத்தான் விறுவிறுவென்று வந்தார். அண்ணனுக்குப் பின்னால் சீர்த்தட்டுகள் வைத்திருந்த மேசையில் இடம் ஒதுக்கி ஏறினார். இரண்டு கையாலும் கீற்றை நெம்பித் தூக்கினார். வெயில் பளீரென்று இறங்கிப் பாப்பாவின் மேல் விழுந்தது.

"இம்புட்டுப் போதுமா மாப்ள?"

"போதும் அத்தான், அப்படியே புடிங்க." எடுத்தேன். ஆசாரி குத்தினார். பாப்பா வீறிட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு ஒரு பெரிய மனுஷனைப் போல இரண்டு இலை சாப்பிட்டேன்.

படம் கழுவி வந்த அன்று செல்வம் பிளாஷைப் பற்றி என்னைத் திட்டவே இல்லை. படத்தை நீட்டி, "இத ஒங்க வீட்டுல காட்டப் போறியா?" என்று மட்டும் கேட்டான்.

பார்த்தேன். அண்ணன் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார், மடியில் பாப்பா. அண்ணனின் தலைக்கு மேல் இரண்டு பாதங்கள். அத்தானின் வேட்டி விளிம்புக்கு மேலே படம் வெட்டுப்பட்டு, மேசையும் நிழலில் மறைந்திருந்ததால், யாரோ ஒருவர் அண்ணன் தலையில் ஏறி நிற்பது போலவே இருந்தது. வெயில் அந்தப் பாதங்கள் மேல் நேராக விழுந்திருக்கிறது. படத்திலேயே மிகத் தெளிவாக இருந்தவை அவைதான்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "படுபாவி" என்றாள். மேல்பக்கத்தை வெட்டிவிடக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணனே வாசலில் வந்து நின்றார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிறார், படம் பார்க்க. கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அத்தான் தூணோரம் நின்றார். நான் கொல்லைப்பக்கம் எந்த வழியாக ஓடலாம் என்று பார்த்துக்கொண்டேன்.

"மாப்ள, வலது கால் பெருவெரல்ல நகத்தக் காணோமே?" என்றார் அண்ணன்.

அத்தான் தயங்கிச் சொன்னார்: "மோட்டார வண்டில ஏத்தைல நழுவிக் கால்ல விழுந்துருச்சு மச்சான். ரெண்டு மாசம் ஊன முடியல. அதேன் வண்டிக்காரன விட்டு அனுப்புனேன்."

"இத ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நான் சொன்னேன்ல," என்றாள் அக்கா. "நொண்டிச் சாக்குன்னு சொல்லிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்ட."

அண்ணன் படத்தை மறுபடியும் பார்த்தார். அப்புறம் அத்தானின் காலைப் பார்த்தார். "அம்புட்டு வலியோட இருந்துருக்கீக" என்று மெல்லச் சொன்னார். அக்காவிடம் கத்தரிக்கோலை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு, படத்தை மடியில் சொருகிக்கொண்டார். அன்று மத்தியானம் அங்கேயே சாப்பிட்டார்.

அந்தப் படம் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அண்ணன் வீட்டு முன்கூடத்தில் இன்றும் தொங்குகிறது. புதிதாகச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் அதைப் பார்த்துத் திகைப்பார்கள். அண்ணன் அவர்களை உட்கார வைத்து முதலிலிருந்து கதை சொல்வார். எனக்குக் கிடைத்தது வேறு. நாற்பது வருஷமாகிறது. எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் கேமராவை எடுத்தால், காது குத்திக்கொண்ட பாப்பாவின் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும், சிரிப்பதற்கு முன்னால் தலைக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.