வால்நட் மெடோஸுக்கு நான் வராததன் காரணங்கள்

சட்டன், லண்டன்
9.10.1994

அன்புத் தங்கச்சி கனகாம்பிகைக்கு,

அண்ணன் பத்மநாதன் எழுதிக்கொள்வது. சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் மச்சான் பாஸ்கரனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூரான் துணை.

"இனித் தனிய இருந்து என்ன செய்யப்போறியள் அண்ணை? எங்களோடை வந்திருங்கோ" என்று விமான நிலையத்தில் கேட்டாய். உன் மச்சாள் கலாவதி கண்ணை மூடியபின் இந்த வீட்டில் என்னோடு கதைப்பது ரேடியோ மட்டும்தான், உண்மை. ஆனாலும் மூன்று கிழமை உன் அமெரிக்க ஊரைப் பார்த்தபின் சொல்கிறேன், என்னால் ஏலாது.

அதுவும் ஒரு ஊரா? நூலகத்தில் ஊர்ச் சரித்திரம் கேட்டேன். எட்டுப் பக்கம் தந்தார்கள், அதிலும் மூன்று படம். 1956இல் ஒரு கட்டடக்காரன் வால்நட் தோட்டத்தை வாங்கி, மரங்களைத் தறித்து, ஒரே அச்சில் இரண்டாயிரம் வீடு கட்டி, தறித்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தானாம். ஊரைவிட நான் இருபத்தைந்து வயது மூப்பு. மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் 'முதற் குடியேறிகளின் ஃபிரிட்ஜ்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் தமையன் இங்கே என் குசினியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் பழக்கம் விடுமா? கண்டவரையெல்லாம் எந்த ஊர் என்று கேட்டேன். தபால்காரர் ஒஹாயோ, பல் வைத்தியர் கொரியா, மேயர்கூடப் பக்கத்து மாநிலமாம். ஊர்க்காரர் என்று ஒருவரும் இல்லாத ஊரில் யாரைப்பற்றி யாரிடம் விசாரிக்கிறது, சொல்லு பார்ப்பம்? பின்னேரம் பால் வாங்க நடந்தால் நடைபாதை பாதி வழியில் முடிந்துவிடுகிறது. குடையோடு புல்லில் நடந்த என்னைக் கண்டு பொலிஸ் கார் வந்து நின்றது. நீ சிரிப்பாய் என்று அப்போது சொல்லவில்லை.

ஆகவே குறை நினையாதே. பிள்ளைகள் நல்லாய்ப் படிக்கட்டும், மச்சானின் முதுகுவலி மாறட்டும்.

அன்பு அண்ணன்,
பத்மநாதன்

பி.கு.: அந்தப் பொலிஸ்காரர் கேட்டது ஒரே கேள்வி, எந்த வீடு என்று. உன் வீட்டு இலக்கத்தைச் சொன்னேன். "அப்ப நீங்கள் இந்த ஊர் ஆள்தானே, ஏறுங்கோ" என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். சட்டனில் எனக்குப் பதினொரு வருஷம். இன்று காலையும் பஸ்ஸுக்கு நின்ற ஒரு மனுஷி, சொந்த ஊர் எது, எப்போது திரும்பிப் போவீர்கள் என்று அன்பாகத்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தேன். மூன்று கிழமை நான் தேடித்திரிந்த அந்த ஊர்க்காரன் நான்தான் போலிருக்கிறது. விசாவுக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று மச்சானைக் கேட்டு எழுது. மியூசியத்துக்கு இன்னொரு ஃபிரிட்ஜ் தேவையா என்றும் கேட்டுப்பார்.