தாழ்ப்பாள் உன் பக்கம் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, என் முதுகுவலி எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் காலையில் கேட்ட தும்மலால் அறிந்தேன். உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சபதம் செய்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்போது எனக்கு எழுதத் தெரியாது. இப்போது உன் அண்ணி கற்றுக்கொடுத்துவிட்டாள். இது என் முதல் கடிதம், பத்திரமாக வைத்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், வீட்டைப் பிரித்தபோது நீ ஏணியை எடுத்துக்கொண்டாய், நான் கோபத்தை எடுத்துக்கொண்டேன், நடு அறை என் பங்குக்கு வந்தது, அதன் கதவோ உன் கூடத்தில் திறந்தது, நீ தாழ்ப்பாள் போட்டாய், நான் வீம்புக்கு என் பக்கச் சுவரை உடைத்து வழி வைத்தேன். இப்போது அந்தச் சுவர் விரிசல் விட்டு, சுண்ணாம்பு உதிர்ந்து, கொத்தனார் வந்து பார்த்து, "ஐயா, இந்த ஓட்டைய அடைச்சாதான் சுவர் நிக்கும். அறை பழையபடி ஆயிடும்" என்றார். பழையபடி என்றதும் மயங்கி, "அடைங்க" என்றேன். அவர் செங்கல் வைக்கும்போது நான் உள்ளே, அலமாரியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. ஆனால் நான் எழுத்துக்கூட்டி 'நெடுஞ்சாலைத்துறை'யில் பாதி தூரம் போயிருந்தேன். பதில் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து வரவேண்டும். வெற்றிகரமாக முடித்துத் திரும்பினால், வழி இருந்த இடத்தில் ஈரச் சுவர்!

ஜன்னல் கம்பி வழியே உன் அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குப் படிக்கக் கத்துக்கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். கத்திக் கூப்பிடுங்க உங்க தம்பிய!"

"பேசமாட்டேன்னு சொல்லியிருக்கேனே."

"அப்ப எழுதுங்க. நான் போய்ச் சொல்லமாட்டேன். சண்டை உங்களோடது" என்று டீயோடு தாளும் பேனாவும் நீட்டினாள்.

ஆகையால் தம்பி, கதவைத் திற. இதைக் கெஞ்சல் என்று நினைக்காதே, தகவல். கதவின் அடியில் தள்ளிவிடுகிறேன்.

உன் பல்லும் பார்வையும் நெடுநாள் உன்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உள்ளே மாட்டிக்கொண்ட அண்ணன்

பின்குறிப்பு: நான் 'அன்புள்ள' எழுதி முடிப்பதற்குள் கொத்தனார் சுவரைப் பிரித்துவிட்டார். ஈரம்தானே, கையோடு வந்துவிட்டது. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துதான் மீதியை எழுதினேன். ஆனாலும் நீ கதவைத் திற. நீ திறந்தால்தான் இந்த வழியை அடைக்கச் சொல்வேன். வரும்போது ஏணியையும் கொண்டுவா. மேலே வெள்ளை அடிக்க எனக்குக் கை எட்டவில்லை.