பாவம் பூச்சியம்

மனித குலத்தை ஆதிமுதல் ஆட்டிவைத்த பாவம், 1963ஆம் ஆண்டு யூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, உருத்திரபுரத்துக்கு அப்பால் உள்ள எங்கள் வாய்க்கால் குடியேற்றத்தில் முற்றாக ஒழிக்கப்பட்டது. உலகம் இதை இன்னும் அறியவில்லை. அறிக்கையை எழுதியவள் நான் என்பதால், கூச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தச் சாதனைக்கு மூலகர்த்தா திரு. சாமுவேல் அப்புத்துரை. மலேரியா ஒழிப்பு வேலையில் பதினைந்து வருடம் வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடித்து இளைப்பாறியவர். அந்த வருடம் மலேரியா நாட்டைவிட்டே போய்விட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய காய்ச்சலே போகும்போது இந்தப் பாவம் மட்டும் ஏன் நிற்கவேண்டும் என்று அவர் யோசித்தார். யோசித்த வேகத்தில் எங்கள் சின்ன வேதக்கோயிலில் ஏழு பேர் கொண்ட "பாவ ஒழிப்புக் கமிற்றி" அமைந்தது. நான் அப்போதுதான் கொழும்பில் விஞ்ஞானப் பட்டம் பெற்று, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்திருந்தேன். பட்டதாரிக்கு எண்ணத் தெரியும் என்ற நம்பிக்கையில் என்னை எட்டாவது ஆளாகச் சேர்த்துப் புள்ளிவிபரச் செயலாளர் ஆக்கினார்கள். மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் திறக்கவேண்டும். நான் திறக்கவில்லை.

மாதம் ஒருமுறை வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வரும் போதகர் மட்டும் தயங்கினார். பாவம் வெளியிலிருந்து பறந்துவந்து கடிப்பதில்லை, அது மனிதனுக்குள்ளேயே பிறப்போடு குடியிருக்கிறது, நல்லதைச் செய்ய விரும்புகிறவனையும் அதுதான் ஆள்கிறது, நம்முடைய முயற்சியால் அதைக் கலைக்க முடியாது, கிருபை வேண்டும் என்றார்.

அப்புத்துரையர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நுளம்பும் அப்பிடித்தான் ஐயா, ஆதியிலையிருந்தே இருந்தது. மருந்தடிச்ச உடனை போயிட்டுது தானே."

போதகருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வேலை விஞ்ஞான முறைப்படி தொடங்கியது. முதலில் பாவம் "பெருகும் இடங்கள்" கண்டறியப்பட்டன. சீட்டாட நிழல் கொடுத்த மருதமரத்தின் கொப்புகள் தறிக்கப்பட்டன. வவுனியாவில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாலத்தில் இருந்து பாட்டுப்பாடத் தடை போடப்பட்டது. கள்ளுக் கொட்டில் கமிற்றி உறுப்பினர் ஒருவரின் மைத்துனருடையது. ஆகவே அது "தொடர் கண்காணிப்பில்" வைக்கப்பட்டது. கண்காணிக்கத் தினமும் மூன்று பேர் போனார்கள். சில நாட்களில் ஐந்து பேர்.

அடுத்தது படிவம். "இவ்வீட்டில் பாவம் உண்டா? உண்டெனில் விபரம்." வசனம் என்னுடையது. நாற்பத்தாறு வீடுகளிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பாவங்கள் வந்து சேர்ந்தன. அப்புத்துரையர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். விபரத்தை வாசித்தபோதுதான் விளங்கியது. "எங்கடை சிவப்பு மாடு பாவம், கால் ஏலாது" என்று கமிற்றி உறுப்பினர் யாக்கோபு ஏரம்பரே எழுதியிருந்தார். அவருடைய மனைவி அதன் கீழே "இவரும் பாவம்" என்று சேர்த்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்றுத்தொண்ணூறு இப்படி வெறும் இரக்கம். மிகுதி இருபத்திரண்டும் பக்கத்து வீட்டுக்காரருடைய பாவங்கள்.

இரக்கத்தைக் கழித்தோம். பக்கத்து வீட்டையும் கழித்தோம். "உமது சொந்தப் பாவம் உண்டா? ஓம் / இல்லை" என்று படிவத்தைத் திருத்தி மறுபடியும் அனுப்பினோம். நாற்பத்தைந்து வீடுகள் "இல்லை". எங்கள் வீட்டுப் படிவத்தை நானே நிரப்பி, நானே சரிபார்த்தேன்.

ஒரே ஒரு "ஓம்" நேசமலருடையது. தகப்பன் இறந்தபின் இரண்டு ஏக்கர் வயலைத் தாயோடு சேர்ந்து செய்கிற பெண். வவுனியா ரயில் நிலையத்தில் வேலைபார்க்கும் சின்னராசாவுக்கும் அவளுக்கும் கலியாணம் என்று கோயிலில் இரண்டு ஞாயிறு அறிவித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு மூன்றாவது அறிவித்தல்; அது இல்லாமல் கோயிலில் கலியாணம் நடக்காது. புதன்கிழமை கலியாணம். மாப்பிள்ளைக்கு அந்தக் கிழமை மட்டும்தான் லீவு. அதன்பிறகு மட்டக்களப்புக்கு மாற்றம்.

சனிக்கிழமை கமிற்றி அவளைக் கூப்பிட்டது.

"பிள்ளை, இதை 'இல்லை' எண்டு மாத்திவிடு" என்றார் அப்புத்துரையர். "பூச்சியம் போட்டு அறிக்கை அனுப்பவேணும். ஒரு கோடுதான்."

"மாத்தலாம் ஐயா. ஆனா ஓம் எண்டதுதானே உண்மை."

"அப்பிடி என்ன செய்தனீ?"

வாய்க்காலில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தண்ணீர் முறை உண்டு. ஏரம்பருடைய முறையன்று வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியதாக நேசமலர் சொன்னாள். ஒருதரமல்ல.

"இனி வெட்டமாட்டன் எண்டு செபம் பண்ணிப்போட்டுத்தான் போறனான். மண்வெட்டியை வீட்டிலை வைச்சிட்டும் போய்ப் பாத்தன் ஐயா. காலாலை உடைச்சுப்போட்டன்."

யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் வாய்க்காலில் வரம்பு வெட்டாத வீடு ஒன்று இருந்ததாக விஞ்ஞானத்துக்குத் தெரியாது. தண்ணீரைப் பறிகொடுத்த ஏரம்பரே எழும்பி, தண்ணீர் விசயம் பாவத்தில் சேராது, அது விவசாயம் என்றார்.

"சேராது எண்டா இவள் ஏன் சொல்லுறாள்?" என்று கேட்டார் அப்புத்துரையர்.

"அப்ப என்னை மன்னிச்சு விடுங்கோவன்" என்றாள் நேசமலர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் படிவத்தைப் பார்த்தேன். மன்னிப்புக்கு அதில் கட்டம் இல்லை. இல்லை என்று தலையசைத்தேன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கடைசி நோயாளியைத் தனிமைப்படுத்துவதே ஒழிப்பின் இறுதிக் கட்டம். ஆகவே நேசமலரின் பெயர் மூன்று மாதத்துக்குக் கோயில் அங்கத்தவர் இடாப்பிலிருந்து நீக்கப்படும்; அதுவரை மூன்றாவது அறிவித்தல் கிடையாது. இடாப்பில் இல்லாதவளின் பாவம் எங்கள் பாவமல்ல. நாற்பத்தாறை வெட்டி நாற்பத்தைந்து என்று எழுதி, எதிரே அழகாக ஒரு பூச்சியம் போட்டேன்.

நேசமலர் வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ரீச்சர், நான் இப்ப வவுனியா பஸ்ஸிலை போய் அவருக்குச் சொல்லவேணும். பின்னேரம் எங்கடை தண்ணி முறை. அம்மாவுக்குக் காய்ச்சல். உங்கடை வயல் பக்கத்திலைதானே, ஒருக்கால் பாத்துக்கொள்ளுறியளே?"

ஓம் என்று தலையசைத்தேன்.

ஐந்தேகாலுக்கு நான் வாய்க்கால் கரைக்குப் போனபோது கமிற்றி முழுவதும் மண்வெட்டிகளோடு அங்கே நின்றது. ஒருவருக்கொருவர் தோத்திரம் சொல்லிக்கொண்டார்கள். அவளுடைய தண்ணீர் ஏழு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அப்புத்துரையர் விலகி எனக்கு இடம் விட்டார்.

நேசமலருக்குக் கால் தன்பாட்டில் போய் உடைத்ததாம். படிக்காத பிள்ளை, அப்படித்தான் சொல்லும். நான் நிலத்தின் சரிவைப் பார்த்து, நீரின் வேகத்தைக் கணக்கிட்டு, எந்த இடத்தில் வெட்டினால் மிச்சமுள்ள தண்ணீரும் எங்கள் வயலுக்கு வரும் என்று தெரிந்துகொண்டுதான் வெட்டினேன்.