பல் கிளினிக்கில் காற்று அடித்த கதை

இந்த வருட மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில் என் மச்சானை முந்தியே தீருவது என்று சபதம் எடுத்தேன். கண்ணாடி முன் நின்று எடுத்தேன். மனைவி முன் நின்று எடுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. மச்சான் அவளுடைய சொந்தத் தம்பி.

போன வருடம் பாதி மலையில் என் சக்கரத்தில் முள் குத்தி டியூப் உயிரை விட்டது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். "மாமா, நடந்து வந்தாலும் கம்பீரமாத்தான் வர்றீங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் பறந்தான். நான் நடந்த நடையைச் சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் நடித்துக் காட்டுகிறான். என் மனைவி ஒவ்வொரு தடவையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஒரே ஒரு தடவை அவள் என்னைப் பார்த்துக் கைதட்ட வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

டியூப் இருந்தால்தானே வெடிக்கும்? டியூபே இல்லாத டயருக்கு மாறிவிட முடிவு செய்தேன். அதில் டியூபுக்குப் பதிலாகப் பால் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். முள் குத்தினால் அது ஓடிவந்து ஓட்டையை அடைத்துவிடும். காற்றைக் குறைத்து வைத்தும் ஓட்டலாம். கல்லும் வேரும் வந்தால் டயர் அணைத்துக்கொண்டு போகும். எந்த டயர் என்று முடிவு செய்ய வாரக்கணக்கில் படித்தேன். கல்யாணத்துக்கு முன் இதில் பாதி அக்கறையோடு விசாரித்திருக்கலாம்.

டயர்கள் வந்து இறங்கின. மனைவி இரண்டையும் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணு முண்டும் முடிச்சுமா இருக்கு, இன்னொண்ணு வழவழன்னு இருக்கு? கடைக்காரன் ஜோடி மாத்திக் குடுத்துட்டானா?"

"அப்படித்தான் இருக்கணும். முன் டயர் இறுக்கிப் பிடிக்கும். பின் டயர் லேசா ஓடும்."

"ஓ, நம்ம வீடு மாதிரி. நான் பிடிக்கறேன், நீங்க ஓடறீங்க."

டயர்களைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். டயரின் விளிம்பு ரிம்மில் போய்க் கச்சிதமாக உட்கார வேண்டும். அதற்குக் குபீரென்று நிறையக் காற்று ஒரே மூச்சில் போக வேண்டும். என் கைப்பம்பும் மூச்சு விட்டது, நானும் மூச்சு விட்டேன். காற்று இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. வரும்போது பாலையும் அழைத்து வந்தது. குளியலறைச் சுவரைத் துடைக்கும் வேலை யாருக்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பெட்ரோல் பங்க்கில் காற்று அடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும், அது பாலைக் கெடுத்துவிடும் என்று எங்கேயோ படித்துத் தொலைத்திருந்தேன். எனக்குச் சுத்தமான காற்று வேண்டும். வடிகட்டி, உலர்த்தி, எண்ணெய் வாசனைகூட இல்லாத காற்று. அது ஊரில் ஓரிடத்தில் இருந்தது. என் மனைவியின் பல் கிளினிக்கில்.

ஆம், அவள் பல் டாக்டர். முன்பு ஒரு தடவை அங்கே காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரை நான் ஆசையாகப் பார்த்தபோதே சொல்லிவிட்டாள்: "அது பேஷன்ட் வாய்க்குள்ள போற காத்து. உங்க சக்கரம் கிட்டக்கூட வரக்கூடாது."

பந்தயத்துக்கு முந்தைய நாள் மதியம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போனதும், இரண்டு சக்கரங்களையும் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்தேன். வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா நிமிர்ந்தார்.

"என்ன சார் இந்த நேரத்துல?"

"பல் வலி, அக்கா. தாங்க முடியல. உள்ள போய் உக்காந்திருக்கேன்."

"போர்வை எதுக்கு?"

"குளிர் ஜுரமும் இருக்கு."

பின்னறையில் கம்ப்ரஸர் காத்திருந்தது. நான் செய்துவைத்திருந்த இணைப்பை மாட்டித் திறந்தேன். டமார்! ஒரு விளிம்பு உட்கார்ந்தது. டமார்! மறு விளிம்பு. அடுத்த சக்கரத்துக்கும் அதே டமார், டமார். கொஞ்சம் பால் தெறித்தது, கவலையில்லை. இரண்டு டயரும் கல் மாதிரி நின்றன. கண்ணில் நீர் வந்துவிட்டது.

வெளியே அக்கா போனில் அலறிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா, உடனே வாங்க! சாருக்குப் பல் வலி. உள்ள என்னமோ வெடிக்குது!"

கிளினிக்குக்கு மேல் மாடிதான் எங்கள் வீடு. செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. சக்கரங்கள் மேல் போர்வையை வீசிவிட்டு ஓடிவந்து நாற்காலியில் சாய்ந்தேன்.

மனைவி உள்ளே வந்தாள், பின்னாலேயே அக்காவும். தரையைப் பார்த்தாள். பின்னறைக் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மீசையில என்ன வெள்ளையா இருக்கு?"

"வயசாகுதில்ல."

"எந்தப் பல்லு வலிக்குது?"

கைக்கு வந்த கன்னத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"ஞானப்பல். எடுத்துடணும்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்? ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்ல மீட்டிங்னு ஓடினீங்க. இன்னிக்கு நிஜமாவே வலிக்குதா?"

"வலிக்குது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இங்க வேற எதுக்காவது வந்தீங்களா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொன்ன கம்ப்ரஸரைத் திருட்டுத்தனமாகத் தொட்டது தெரிந்தால் மச்சானின் நடிப்பில் அது இரண்டாம் காட்சியாகச் சேர்ந்துவிடும். மானம் பெரிதாகப் பட்டது.

"உயிர் போகுது" என்றேன்.

"சரி. வாயைத் திறங்க."

ஊசி போட்டாள். நாக்கு மரத்தது. பஞ்சு, கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய் என்று வாய் நிறையச் சாமான்கள். அதற்குப் பிறகுதான் நிதானமாகப் பேச ஆரம்பித்தாள்.

"பல் எடுத்தா ஒரு வாரத்துக்கு மூச்சு வாங்கற வேலை எதுவும் கூடாது. தெரியுமில்ல?"

"ஆ! ஆ ஆ!"

"தெரியுமாம்" என்று அக்காவிடம் சொன்னாள். கையை ஆட்டினேன். "ஆட்டாதீங்க, பட்டுடும்."

"ஆஆ!"

"நாளைக்குப் பந்தயம் வேற. அவ்ளோ பாடுபட்டு மாட்டின சக்கரம் ரெண்டும் வீணாப் போகுமே. தம்பி சைக்கிளுக்குச் சரியாப் பொருந்தும். அவனுக்குக் குடுத்துடவா?"

"ஆஆஆ!"

"பாத்தீங்களாக்கா, எவ்ளோ பெரிய மனசு!"

மறுநாள் பந்தயம் முடியும் இடத்தில் வீங்கிய கன்னத்தோடு நின்றேன். மச்சானின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா? கடைசி வளைவில் முன் டயர் மண்ணைக் கவ்வியது. நேர்ப்பாதையில் பின் டயர் லேசாக உருண்டு பறந்தது. எல்லாம் நான் படித்தபடியே நடந்தது. அவன்தான் முதலில் வந்தான். என் மனைவி துள்ளித் துள்ளிக் கைதட்டினாள். நான் ஆசைப்பட்ட கைதட்டல் அதுதான். என் டயருக்குக் கிடைத்தது என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை.

"மாமா, வழியில முள்ளு குத்துச்சு. வெள்ளையா ஒரு பொட்டு வந்துச்சு, அவ்ளோதான், தானா அடைச்சிருச்சு!" என்று மச்சான் கட்டிப்பிடித்தான். அவன் தோள் என் கன்னத்தில் இடித்தது.

சாயங்காலம் மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "நேத்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கம்ப்ரஸரத் தொட விட்டிருக்க மாட்டேன். ஆனா சைக்கிள் கடைக்குக் கூட்டிட்டுப் போய் நானே காத்தடிச்சுக் குடுத்திருப்பேன். நீங்க ஜெயிச்சா எனக்குப் பிடிக்காதா?"

அதைக் கேட்டபோதுதான் நிஜமாகவே வலித்தது. கேட்டிருக்கலாம். எவ்வளவு சின்ன வார்த்தை. இருக்கும் பல்லையெல்லாம் கடித்து, "பரவால்ல, அடுத்த வருஷம் நான்தான் ஓட்டுவேன்" என்றேன்.

"தாராளமா ஓட்டுங்க" என்றாள் கரண்டியை நீட்டியபடி. "அந்தப் பக்கத்து ஞானப்பல் இன்னும் அப்படியேதான் இருக்கு."