விற்கிற வீட்டுக்கு ஒரு பேன்ட்ரி

வீடு வாங்க வந்த அம்மா அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. ஒரு கையால் முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மறு கையால் அடுப்புக்கு மேலே காட்டினார்.

"இது என்ன, குசினியா? ரப்பர் பெக்டரியா?"

காத்தமுத்து நிமிர்ந்து பார்த்தார். அடுப்புக்கு மேல் கட்டியிருந்த கம்புகளில் ரப்பர் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே சோறு வெந்தது, மேலே ஷீட் புகைபட்டது. இரண்டுக்கும் ஒரே விறகு. வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக நாலு ரப்பர் மரம் வைத்துப் பால் வெட்டுகிறவர்கள் தெஹியோவிட்டப் பக்கத்தில் இப்படித்தான் செய்வார்கள். இதில் என்ன குறை என்று அவருக்கு விளங்கவில்லை.

"பழகிட்டா ஒண்ணும் தெரியாதுங்கம்மா."

"பழகுறதுக்கு முந்தி மூச்சு நிண்டுடும். இந்தக் காலத்துல குசினியப் பாத்துத்தான் ஊடு வாங்குறாங்க, தெரியுமா?"

எஹலியகொடையிலிருந்து வந்திருந்த அந்த மைமூனா அம்மா கிணற்றைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அடுப்படியோடு திரும்பிப் போய்விட்டார்.

காத்தமுத்துவுக்கு முகம் சுண்டிப்போனது. தோட்டம் கொடுத்த லயத்து அறையை விட்டு வெளியே வந்து, ரோட்டோரமாகத் துண்டுக் காணி வாங்கி, கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய வீடு அது. ஆனால் அவிசாவளையில் மச்சான் கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்குத் தன் வீடு கசந்துவிட்டது. மச்சானுக்கு வாசலிலேயே பஸ் நிற்கிறது! இதை விற்று அங்கே ஒன்று வாங்கியே தீருவது என்று வாசலில் ஒரு போர்டும் தொங்கவிட்டிருந்தார்.

"விக்கத்தான் வேணுமா?" என்றாள் மனைவி அழகம்மா. "லயத்துல பொறந்து வளந்தவ நான். சொந்தமா ஒரு கதவு, ஒரு சாவின்னு இருக்கிறது இங்கதான்."

"சாவி அவிசாவளையிலயும் குடுப்பாங்க. முதல்ல இந்த அடுப்படிய சரி பண்ணணும்."

"விக்கிற வீட்டுக்கு எதுக்குங்க செலவு? எனக்கு இதே போதும்."

இதே அழகம்மாதான் கல்யாணமான புதிதிலிருந்து புகை போக ஒரு வழி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "புகை வெளிய போயிட்டா ஷீட்டு எப்படிக் காயும்?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தவரும் இவர்தான். வீட்டில் எடுபடுவது தன் பேச்சு மட்டுமே என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. மனைவி வேண்டாம் என்று சொன்னதும் அந்த வேலையில் அவருக்கு வேகம் வந்துவிட்டது.

"ஒனக்கு யாவாரம் வெளங்காது. சும்மா இரு," என்றார்.

ஷீட்டுகளைக் கழற்றி முன்னறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். இப்போது வீட்டுக்குள் வருகிறவர்கள் ஷீட்டுகளை விலக்கிக்கொண்டுதான் நாற்காலியைத் தேட வேண்டியிருந்தது. அடுப்படிச் சுவரில் பளீரென்று வெள்ளைப் பெயின்ட் அடித்தார். மறுநாள் காலையில் பழைய கரி பெயின்டுக்குள்ளால் இறங்கி, சுவர் முழுக்கத் தேயிலைச் சாயம் ஊற்றியது போல் கோடு விழுந்திருந்தது.

சோமதாச பாஸைக் கூட்டிவந்தார். மேசன் வேலையில் அந்தப் பக்கத்தில் பேர் போனவர்.

"கரிய சொரண்டி எடுத்திட்டு டைல்ஸ் ஒட்டினா ஹரி, எல்லாம் சரி," என்றார் பாஸ். சொல்லிவிட்டுச் சுத்தியலால் சுவரில் லேசாகத்தான் தட்டினார்.

சுவர் இத்தனை காலமும் கரியின் பிடியில்தான் நின்றிருக்க வேண்டும். மளமளவென்று பாதிச் சுவர் அடுப்பின் மேல் விழுந்தது, அடுப்பும் உடைந்தது. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அழகம்மா ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள்.

"யாவாரம் நல்லாப் போகுதுங்களா?"

காத்தமுத்து குனிந்து இடிபாட்டை அள்ளத் தொடங்கினார்.

அன்று தொடங்கிய மழை விட்டபாடில்லை. அழகம்மா கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, ஒரு கையில் குடை, மறு கையில் அகப்பை என்று சமைத்தாள். சோற்றில் தண்ணீர் எவ்வளவு வைப்பது என்பதை வானம் தீர்மானித்தது. வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுப் பழகிய காத்தமுத்து, பாஸின் பின்னாலேயே நின்று விரட்டி வேலை வாங்கினார். சுவர் எழும்பியது. வெள்ளை டைல்ஸ் ஏறியது.

உடைந்த அடுப்பின் கற்கள் வாசலில் குவிந்து கிடந்தன.

"இந்தக் கல்லையெல்லாம் தூக்கிப் போட்டுருங்க. ஒண்ணுத்துக்கும் ஒதவாது," என்றாள் அழகம்மா.

"ஒதவாதா?" காத்தமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தக் கற்களை வைத்தே மரங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புகைவீடு கட்டிவிட்டார். முன்னறைக்கும் விடுதலை கிடைத்தது.

மைமூனா அம்மா இரண்டாம் முறை வந்தார். இந்தத் தடவை முக்காடு மூக்குக்குப் போகவில்லை. டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார். சீனி போதவில்லை போலும். அவரே எழுந்து, மேல்தட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த சீனிப் போத்தலை எட்டி எடுத்துப் போட்டுக்கொண்டார். காத்தமுத்துவுக்கு உள்ளம் குளிர்ந்தது. இப்போதே சொந்த வீடு போல் புழங்குகிறாரே, இனி விடமாட்டார் என்று கணக்குப் போட்டார்.

"டைல்ஸ் நல்லா ஈக்குது," என்றார் மைமூனா. "ஆனா இதுக்குள்ள விறகு வெச்சி எரிச்சா திரும்பவும் கறுத்துப் போகுமே?"

"கேஸ் குக்கர் வருதுங்கம்மா!" என்றார் காத்தமுத்து. அப்படி ஒரு யோசனை அந்த நொடிவரை அவருக்கு இருக்கவில்லை.

"ஐயோ, கேஸா? வெடிச்சிருமுங்க. எனக்கு வேணாம்," என்று அழகம்மா பதறினாள்.

இரண்டு அடுப்பு வைத்த கேஸ் குக்கர் வந்தது. குக்கர் வந்த பிறகு மைமூனாவும் வந்தார். பேன்ட்ரி கபர்ட் இல்லாத குசினியை டவுன் ஆட்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்றார். பேன்ட்ரியும் வந்தது. பதப்படுத்திய ரப்பர் மரப் பலகையில் தச்சர் செய்து கொடுத்த அழகான பேன்ட்ரி. அதைச் சுவரில் பொருத்திய பிறகுதான் பின்கதவு திறக்காது என்று தெரிந்தது. கதவைப் பெயர்த்து அடுத்த சுவருக்கு மாற்றினார்கள். மாற்றிய கதவைத் திறந்தால் அது நேரே தண்ணீர்ப் பீப்பாயில் போய் இடித்தது. பீப்பாயை எடுத்துவிட்டால் தண்ணீர்? மேட்டில் ஊற்று வடியும் பீலியிலிருந்து குழாய் இழுத்து, உள்ளேயே பைப்பும் சிங்க்கும் வைத்துவிட்டார். ஒரு சிக்கலை அவிழ்க்கப் போய் இன்னொன்றில் மாட்டி, கடைசியில் தண்ணீரே வீட்டுக்குள் வந்துவிட்டது.

"இதயாவது திறந்து பாப்பம்," என்று பைப்பைத் திருகினார் மைமூனா.

உஸ்ஸென்று காற்று வந்தது. ஒரு இலை வந்தது. பிறகு விரல் நகமளவு தவளைக்குஞ்சு ஒன்று புதுச் சிங்க்கில் குதித்து நின்று மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. காத்தமுத்துவுக்கு உயிரே போய்விட்டது.

"தவள நிக்கிற தண்ணி நல்ல தண்ணிதான்," என்றார் மைமூனா. "மேல ஒரு வலையக் கட்டிவிடுங்க. ஞாயித்துக்கிழம வந்து முடிவு செல்றேன்."

அந்த வாரத்தில் காத்தமுத்துவின் அடுப்படி ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. தோட்டத்துக் கிளாக்கரின் சம்சாரமே வந்து பேன்ட்ரிக் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனாள். வருகிறவர்களுக்கெல்லாம் காத்தமுத்துவே குக்கரைப் பற்றவைத்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். புகைவீட்டு ஷீட்டோ தேன் நிறத்தில் வந்தது. "கருவாட்டு வாசம் இல்லாம முதல் தடவையா கொண்டாறீங்க. இது நம்பர் வன்!" என்றார் ஷீட் வாங்கும் கடைக்காரர்.

சனிக்கிழமை காலையில் கேகாலையிலிருந்து மர்சூக் என்ற காணி வியாபாரி வேனில் வந்து இறங்கினார். உறுதியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் அடுப்படியைப் பார்த்ததும் அசந்துபோனார்.

"நீங்க கேட்டதுக்கு மேல தாறேன். அட்வான்ஸ் கையோட ஈக்குது. சரியா?"

காத்தமுத்து மனைவியைக் கூப்பிடத் திரும்பினார். அழகம்மா குக்கரில் மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் சிவக்கவில்லை, கலங்கவுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த அடுப்படியில் அவளை இப்படி உலர்ந்த கண்ணோடு அவர் பார்த்ததே இல்லை. அது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நேரே வாசலுக்குப் போனார். போர்டைப் பிடுங்கினார். முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார்.

"இந்த வீடு விக்கிறதுக்கு இல்ல!"

"அப்ப அவிசாவளை?" என்றாள் அழகம்மா, அகப்பையோடு ஓடிவந்து.

"மச்சான் வீட்டுல பேன்ட்ரி இருக்கா? பீலித் தண்ணி இருக்கா? பஸ்ஸு மட்டும் நின்னாப் போதுமா? இங்கதான் இருப்போம். நான் சொன்னா சொன்னதுதான்!"

"நீங்க சொன்னா சரிதாங்க," என்று தலையைக் குனிந்துகொண்டாள் அழகம்மா.

முறிந்த போர்டு புகைவீட்டில் ஷீட்டுகளுக்குக் கீழே நன்றாக எரிந்தது. மச்சானை, வியாபாரியை, ஊரை, எல்லாரையும் ஒரே நாளில் ஜெயித்துவிட்டதாகக் காத்தமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

ஒரே ஒரு உறுத்தல்தான் மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி மைமூனா வந்துவிட்டார். அத்தனை தடவை பஸ் ஏறி வந்த மனுஷிக்கு இல்லை என்று சொல்ல வேண்டுமே. தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். மைமூனா கோபப்படவே இல்லை. "பரவாயில்ல அண்ணன், எல்லாம் நல்லதுக்குத்தான்," என்று சிரித்தார். எவ்வளவு பெரிய மனசு என்று உருகிப்போன காத்தமுத்து, அவரை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாதென்று கொல்லைக்கு ஓடி, நல்ல தம்பிலி இளநீராகப் பார்த்து ஒன்றைப் பறித்துச் சீவிக்கொண்டு பின்கதவுக்கு வந்தார்.

உள்ளே பேன்ட்ரியில் கையூன்றி நின்று மைமூனா சொல்லிக்கொண்டிருந்தார்: "அழகம்மா, நாம பேசின மாதிரியே ஒங்கட ஊட்டு வேல முடிஞ்சி, எங்கட ஊட்டுக்காரரும் நேத்து எங்கட ஊட்ட விக்க போர்டு போட்டுட்டாரு, அதனால வார கிழம வாங்குற ஆளா நீங்க வந்து நல்லா மூக்கப் பொத்தோணும்."