மூன்றாவது வயர்

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்கியே தீருவது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வாரத்தில் ஆறு நாள் நின்றே வேலை பார்ப்பவர். ஏழாவது நாளாவது படுக்கலாம் என்றால் விட்டால்தானே? ஒரு ஞாயிறு குழாய் ஒழுகியது. ஒரு ஞாயிறு மைத்துனர் வீடு மாற்றினார். உதவப் போய் ராத்திரி அங்கேயே தங்கியதில், மைத்துனர் விட்ட குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளில் காய்கறியே வாங்கி வரலாம்.

சபதத்துக்குச் சனிக்கிழமை காலையிலேயே ஆபத்து வந்தது.

"ஏங்க, நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும். அம்மாவக் கூட்டிட்டு வரணும். ஒரு மாசம் இங்கதான் இருப்பாங்க."

"ஆறு மணிக்கா? போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம்!"

"கணக்கெல்லாம் நல்லாத்தான் வருது உங்களுக்கு."

மாமியார்மேல் அவருக்கு வருத்தமே கிடையாது. வருத்தமெல்லாம் அந்த ஆறு மணிமேல்தான். வாசலைப் பார்த்தார். பதினெட்டு வயதுக் கார் நின்றிருந்தது. அதற்கு உடம்பு சரியில்லை என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சாயங்காலம் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து பானட்டைத் திறந்தார். என்ஜினின் நான்கு ஸ்பார்க் ப்ளக்குக்கும் நான்கு வயர்கள், பதினெட்டு வருஷக் கரியைப் பூசிக்கொண்டு கிடந்தன. மூன்றாவதைக் கழற்றினார். எதை எடுத்தாலும் ஒரு துடை துடைக்காமல் வைக்க அவர் கைக்குத் தெரியாது. கடைப் பழக்கம். சட்டைப்பையிலிருந்த மஞ்சள் துணியால் துடைத்து, மாட்டியது போலத் தோன்றும்படி மேலாக வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பியதும் கார் குளிர்ஜுரம் கண்டது போல உதறியது.

"அடடா, என்ஜின் மிஸ் ஆகுதே! மெக்கானிக்குக்கு இன்னிக்கு லீவு வேற. அத்தைக்குப் போன் போட்டு அடுத்த வாரம்னு சொல்லிடு." சொல்லும்போதே கட்டில் அவர் கண்முன் வந்து நின்றது.

மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். காது கேட்கிறதா என்று சோதிக்கும் கிளினிக்கில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள்.

"நாலுல ஒண்ணு ஊமையாயிடுச்சு."

"அதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?"

"போன வருஷம் மெக்கானிக் பாத்தப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். நீங்க டீ குடிக்கப் போனீங்க. அணைக்காதீங்க, ஓடட்டும்."

பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். முதல் வயரைப் பிடுங்கினாள். உதறல் இன்னும் மோசமானது. திரும்பச் செருகினாள். இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதைப் பிடுங்கினாள். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுதாங்க. இது ஏற்கெனவே வேலை செய்யல."

பானட்டுக்குப் பின்னாலிருந்து அவள் தலை ஒருமுறை அவரை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். 'டக்'கென்று ஓர் அழுத்து. கார் சாதுவாகிவிட்டது. அவருக்கு அழுகையே வந்தது.

மனைவி ஜன்னலோரம் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. போய்ப் படுங்க. நானே ஓட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரேன்."

"தனியாவா?" என்று ஒப்புக்குக் கேட்டார்.

"தனியாத்தான். நல்லாத் தூங்குங்க. மறுபடி எப்பக் கெடைக்குமோ!"

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று உருகியபடியே படுத்தார். மதியம் ஒரு மணிக்குக் கார் வந்து நிற்கும் சத்தத்தில்தான் எழுந்தார்.

"வாங்க அத்தை!"

மாமியார் இறங்கினார். அவருக்குப் பின்னால் பெரிய பெட்டி ஒன்று இறங்கியது. அதற்குப் பின்னால், தலையணையை அணைத்தபடி மைத்துனர்.

"நீங்க வரலையா, ஒரு சீட்டு காலியா இருந்துச்சு. அண்ணனுக்கும் ஒரு மாசம் லீவாம், ஏத்திக்கிட்டு வந்துட்டேன்," என்றாள் மனைவி. "அம்மாவும் நானும் உள் ரூம்ல படுத்துக்கறோம். நீங்களும் அண்ணனும் ஹால்ல."

கண்ணாடிக்காரர் மைத்துனரின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி அவர் சட்டைப்பையிலிருந்த மஞ்சள் துணியை உருவி, அவர் கையிலேயே வைத்தாள்.

"தூக்கம் வராதப்ப மத்த மூணு வயரையும் துடைச்சு வெச்சிடுங்க. ஒண்ணு மட்டும் பளபளன்னு இருந்தா நல்லாவா இருக்கு?"