உள்ளங்கையில் அடங்கும் அருவி

அன்பு மைத்துனனும் ஞாயிறு மலர் ஆசிரியருமாகிய உனக்கு அத்தான் எழுதுவது.

இன்று மதியப் பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வந்திறங்கிய அத்தனை பேரும் துண்டும் சோப்பும் கொண்டு வந்திருந்தார்கள். தகவல் சொன்னவர் கண்டக்டர். நானும் நேரில் போய் உறுதிசெய்துகொண்டேன். இதற்குக் காரணம் நீ. மற்றபடி வீட்டில் அனைவரும் நலமா? இங்கே உன் அக்காவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம்.

போன ஞாயிறு வந்த என் கட்டுரையைத்தான் சொல்கிறேன். வெளியூர் ஆட்கள் வராவிட்டால் மதியப் பஸ்ஸை நிறுத்திவிடுவோம் என்று போக்குவரத்து அலுவலகம் சொல்லிவிட்டது, பஸ் நின்றால் உன் அக்கா முழங்கால் வைத்தியத்துக்கு மலையிறங்க வழியில்லை, அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும் பேனாவை எடுத்து ஊரின் சிறப்பையெல்லாம் எழுதினேன். மேகம் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து, காயப்போட்ட துணியை நனைத்துவிட்டுப் போவதை எழுதினேன். செல்போன் சிக்னல் ஒரே ஒரு பாறைமேல்தான் கிடைக்கும், அதில் ஏறிக் கத்தித்தான் பேச வேண்டும், ஆகவே இங்கே யாருக்கும் ரகசியம் கிடையாது என்பதையும் எழுதினேன். பஸ் வந்து நின்றதும் அதன் பக்கக் கண்ணாடியில் உட்கார்ந்து, தன் முகத்தோடு தானே சண்டை போடும் குருவியைப் பற்றியும் எழுதினேன். 'உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பழுப்பு நிறக் குருவியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்' என்பது என் வரி. மலை என்றால் அருவிதானே இருக்கும் என்று உன் பிழைதிருத்துபவர் அதைத் திருத்திவிட்டார். உள்ளங்கையில் அடங்கும் பழுப்பு நிற அருவி! அதையும் நம்பி ஜனம் வருகிறது பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் வந்த குடும்பம் டீக்கடையில், "அருவி எந்தப் பக்கங்க?" என்று கேட்டது. "அது குருவிங்க, அச்சுப்பிழை" என்று நான் ஆரம்பித்தேன். கடைக்கார அம்மா விடவில்லை. "பெரியவரே, வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிங்க" என்றார். அது எப்படி முடியும் என்று நான் கேட்பதற்குள், "நேரா மேல போங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டார். மேலே இருப்பது குடிநீர்த் தொட்டி. கடைசி வளைவில் பஸ் ஹாரன் அடித்ததும் தொட்டிக்காரர் தொட்டி கழுவிய நீரை வெளியேற்றும் குழாயைத் திறந்துவிடுகிறார், தண்ணீர் பாறைமேல் விழுகிறது, அதற்குப் பெயர் அருவி. "என்னங்க, பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்குதே?" என்றார் தலை துவட்டிய ஒருவர். "மூலிகைங்க. மேல காட்டுலேருந்து வருது" என்றார் தொட்டிக்காரர், முகம் மாறாமல். இந்த ஊருக்கு மேலே காடு ஏது? வானம்தான் இருக்கிறது.

நானும் விடவில்லை. பஸ்ஸருகே நின்று, இறங்கிய ஒவ்வொருவருக்கும் குருவியைக் காட்டினேன். "இதுவா? எங்க பால்கனியிலயே நாலு கிடக்கு" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு நடந்தாள். உன் அக்காவோ, "உங்க உண்மைய நீங்களே வச்சுக்குங்க. பஸ் நின்னா என்னைத் தோள்ல தூக்கிட்டு இறங்குவீங்களா?" என்கிறாள். என் தோளின் நிலைமை உனக்குத் தெரியும்.

ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வர வேண்டும். பஸ் கிடைத்தால் உண்மையைச் சொல்லிக் கிடைக்கட்டும். வெள்ளிக்கிழமை சோதனைக்கு வரும் போக்குவரத்து அதிகாரியிடமும் நானே நேரில் சொல்லப்போகிறேன். ஊரே எதிர்த்தாலும் சரி.

நீயும் பிள்ளைகளும் நீடூழி வாழவும், பிழைதிருத்துபவருக்குக் கண் தெளியவும் என் ஆசிகள்.

அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அதிகாரி இன்றே வந்து நின்றார். "அருவி எங்கே சார்?" என்று என்னிடம்தான் கேட்டார். உன் அக்கா முழங்காலைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "மேலதாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். திருத்தம் வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்று நீ நினைத்தால் அதே பிழைதிருத்துபவரிடம் கொடு. பஸ் தொடருமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதிகாரி குளித்துக்கொண்டிருக்கிறார், தொட்டி காலியானதும் முடிவு தெரியும் என எதிர்பார்க்கப்படுகிறது.